இருபத்தாறு மீட்டர்

ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் என்று தெரிந்ததும் எங்கே போனாலும் ஒரு கேள்வி வருகிறது. அங்கே என்ன கற்றுக்கொண்டீர்கள்? போர்ட் பிளேயரில் ஹேடோ துறைமுகத்தை ஒட்டி நான் இப்போது வேலை பார்க்கும் சரக்குக் கிடங்கின் மேலாளரும் போன மாதம் கேட்டார். தலைமைப் பண்பு பற்றிப் பத்துக் குறிப்புகள் எழுதிக் கொடுங்கள், நம் ஆட்களுக்குப் படித்துக் காட்டலாம் என்றார். நேரம் தவறாமை, ஒழுங்கு, எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்று மூன்று எழுதினேன். மூன்றாவதை எழுதியதும் பேனா நின்றுவிட்டது. மூன்றையும் அடித்துவிட்டு, எனக்கு இதெல்லாம் எழுத வராது என்று சொல்லிவிட்டேன்.

நடந்த ஒரு காரியத்தை வரிசையாகச் சொல்ல மட்டும் வரும். அதற்கு டைரிகள் இருக்கின்றன. இருபத்தெட்டு வருட சேவைக்கு இருபத்தெட்டு டைரி. இதே ஊரில் பத்துபஸ்தியில் நாங்கள் இருக்கும் வீட்டின் அலமாரியில், பூஞ்சை பிடிக்காமல் இருக்க இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் வெயிலில் வைத்து எடுக்கிறேன். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். எழுந்த நேரம், மழை, ஆஜர் எத்தனை பேர், நோயாளி எத்தனை பேர், தண்ணீர்த் தொட்டியின் மட்டம், அன்று நடந்த வேலை. மனதில் பட்டதை எழுதும் பழக்கம் இல்லை.

என் சேவையின் கடைசி நான்கு வருடங்கள் இந்தத் தீவில். போர்ட் பிளேயருக்குத் தெற்கே கடலோரம் ஒரு குன்றின்மேல் எங்கள் யூனிட். சின்ன யூனிட், அறுபது சொச்சம் பேர். நான் சுபேதார். பயிற்சியும் உடல்தகுதித் தேர்வும் என் பொறுப்பு. தேர்வில் எல்லோரும் பயப்படுவது ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குத்தான். முதுகில் பை, கையில் துப்பாக்கி, காலில் பூட்ஸ். வயதுக்கு ஏற்றபடி நேரம் உண்டு. அந்த நேரத்துக்குள் வந்தால் பாஸ், ஒரு விநாடி தாண்டினாலும் ஃபெயில்.

எங்கள் கேட்டில் ஆரம்பித்துச் சரிவில் இறங்கி, பம்ப் ஹவுஸைத் தாண்டி, கடலோரச் சாலையில் போய், ஒரு வளைவில் வைத்திருக்கும் ட்ரம்மைச் சுற்றிக்கொண்டு அதே வழியில் திரும்ப வேண்டும். சிவப்பும் வெள்ளையும் பூசி, உள்ளே சிமென்ட் நிரப்பிய பழைய டீசல் ட்ரம். கேட்டில் இருந்து ட்ரம் வரை இரண்டரை கிலோமீட்டர். எனக்கு முன்னால் இருந்த யாரோ அளந்து வைத்தது. யாரும் தூரத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள். ட்ரம் வரை போய் வா என்பதுதான் உத்தரவு. புதிதாக வருகிறவனுக்கும் அதைத்தான் சொல்வோம், அவனும் அதையே அடுத்து வருகிறவனுக்குச் சொல்வான்.

என் கையில் ஸ்டாப்வாட்ச். வாரம் ஒரு முறை வானொலியின் நேர ஒலியோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். மாதத்துக்கு அரை விநாடி பிந்தினால்கூட டைரியில் எழுதி வைப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த வருடம் ஜூனில் விடாமல் மழை. ட்ரம் இருந்த இடத்தில் சாலையின் ஓரம் சரிந்து, ட்ரம் கடல் பக்கம் சாய்ந்து நின்றது. நானே ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். கயிறு கட்டி இழுத்து, உருட்டி, வளைவைத் தாண்டி மண் கெட்டியாக இருந்த இடத்தில் நிமிர்த்தி வைத்தோம். மழையில் எல்லோருக்கும் உடம்பு நடுங்கியது. கேட்டுக்குத் திரும்பி டீ குடித்தோம். அன்றைய பக்கத்தில் இப்படி இருக்கிறது: "ட்ரம் உறுதியான இடத்துக்கு மாற்றப்பட்டது. வேலை சரி."

யூனிட்டின் ரேஷன் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர் ஒரு ஹவில்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிட இரண்டு வயது சின்னவர். மெயின்லேண்டில் இருந்து கப்பல் ஒரு வாரம் தாமதமானாலும் அவர் ஸ்டோரில் பருப்பு தீர்ந்து நான் பார்த்ததில்லை. அந்த வருடக் கடைசியோடு அவருடைய சேவைக்காலம் முடிந்தது. ஹவில்தார்களுக்கு இரண்டு வருடம் நீட்டிப்பு கிடைக்கும். ஒழுங்கு, மருத்துவத் தகுதி, உடல்தகுதி மூன்றும் சரியாக இருந்து அதிகாரிகளின் போர்டு சிபாரிசு செய்ய வேண்டும். முதல் இரண்டில் அவருக்குக் குறை எதுவும் இல்லை.

அவருக்கு அந்த இரண்டு வருடம் எதற்கு வேண்டும் என்பது யூனிட்டில் எல்லோருக்கும் தெரியும். மகள் இங்கே பிளஸ் ஒன் சேர்ந்திருந்தாள். எட்டாம் வகுப்பில் இருந்து இதே பள்ளி, இதே சிநேகிதிகள். தகப்பன் ஓய்வு பெற்றால் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும், பாதியில் அவளையும் பள்ளி மாற்ற வேண்டும். நீட்டிப்பு கிடைத்தால் பிளஸ் டூவை இங்கேயே முடித்துவிடுவாள். அவ்வளவுதான். கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார், "என் பொண்ணு படிக்கிறதுக்கு நான் ஓடணும் சாப். இந்த மாதிரி கிராக்கி எங்கனா உண்டா?"

மே மாதத்தில் இருந்தே காலையில் ஓட ஆரம்பித்தார். இந்தத் தீவில் ஐந்து மணிக்கே நல்ல வெளிச்சம். ஐந்தரைக்கு வேர்வையில் சட்டை ஒட்டிக்கொள்ளும். நான் கேட்டில் நிற்கும்போது மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வருவார்.

"இன்னிக்கு எப்படி?"

"நான் வந்துட்டேன் சாப். தொப்பை பின்னாடி வந்துகினு இருக்கு. அதுக்குத் தனியா மூவ்மென்ட் ஆர்டர் போட்டுக் குடுங்க."

ஜூலையில் அவருக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். அதனால் அந்த மாதத் தேர்வில் ஓட முடியவில்லை. ஆகஸ்டில்தான் ஓடினார். போர்டுக்குக் காகிதங்கள் போவதற்கு முன் அதுதான் கடைசித் தேர்வு.

அன்று தூறல். ஐந்தேகாலுக்கு விசில் ஊதினேன். இருபத்திரண்டு பேர் ஓடினார்கள். எங்கள் பயிற்சி நாயக், ஹரியானாக்காரர், அட்டையில் பெயர்ப் பட்டியலோடு என் பக்கத்தில் நின்றார். ஒவ்வொருவராக வரவர நான் நேரம் சொன்னேன், அவர் எழுதினார். இருபத்தொரு பேர் வந்துவிட்டார்கள். கடைசிச் சரிவில் ஹவில்தார் தெரிந்தார். வந்தவர்கள் எல்லோரும் கேட்டில் வரிசையாக நின்று கத்தினார்கள். அவருடைய வாய் திறந்திருந்தது, கண் அவிழ்ந்த கயிறு மாதிரி ஆடிய துப்பாக்கி வாரைப் பார்த்ததே தவிர எங்களைப் பார்க்கவில்லை. கோட்டைத் தாண்டியதும் அழுத்தினேன்.

பதினொரு விநாடி அதிகம்.

நாயக் எட்டிப் பார்த்தார். அட்டையை வாய்க்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "ஸாப், கியாரா செகண்ட் ஹி தோ ஹை. பாஸ் லிக் தூன்?" என்றார். பதினொரு விநாடிதானே, பாஸ் என்று எழுதட்டுமா?

"ஜோ ஹை, வஹி லிகோ," என்றேன். இருப்பதையே எழுது.

ஹவில்தார் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "எவ்ளோ சாப்?"

"பதினொண்ணு அதிகம்."

"சரி சாப்," என்றார். துப்பாக்கியைச் சரிசெய்து, விறைத்து நின்று, சல்யூட் அடித்துவிட்டுப் போனார். அன்று சமையல்கூடத்தில் யாரும் என்னோடு பேசவில்லை. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. அதே கடிகாரத்தை வைத்து இருபத்தைந்து வயதுப் பையன்களை ஃபெயில் ஆக்கியிருக்கிறேன். தெரிந்தவர், நல்லவர், தமிழ்க்காரர் என்பதற்காக விநாடியைக் குறைத்தால் நாளைக்கு எந்த முகத்தோடு விசில் ஊதுவது? அன்று சாயங்காலம் வீட்டில் அப்படித்தான் சொன்னேன். என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே, "நீங்க செஞ்சது சரிதாங்க. ஆனா அவங்க வீட்டுப் பக்கம் இனிமே நான் எப்படிப் போறது?" என்றாள்.

போர்டு சிபாரிசு செய்யவில்லை. காகிதம் வந்தது. அவர் ஸ்டோர் கணக்கை ஒப்படைக்க ஆயத்தம் செய்தார். மரப்பெட்டிகள் செய்ய ஆள் பார்த்தார். ஒரு நாள் அவர் மனைவி குடியிருப்பு வாசலில் என்னை நிறுத்தி, மார்ச் பரீட்சை வரைக்கும் வீட்டை வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று கேட்டார். விதியை எடுத்துச் சொல்லி, இல்லை என்றேன். "இல்ல சாப், சும்மா கேட்டேன்," என்றார். கேட்டதற்காக அவரே வருத்தப்படுகிற மாதிரி இருந்தது.

செப்டம்பர் கடைசி வாரத்தில் பம்ப் ஹவுஸில் இருந்து புதிய தண்ணீர்க் குழாய் போட ஒரு ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்தார்கள். கேட்டில் இருந்து வளைவு வரை சாலையோரமாகக் குழாய். மேஸ்திரி ஒரு தெலுங்குக்காரர், பாம்பூஃப்ளாட்டில் வீடு, பிறந்ததே இங்கே. கம்பு முனையில் சக்கரம் பொருத்திய அளவுக் கருவியைத் தள்ளிக்கொண்டு வந்தார். எவ்வளவு வருகிறது என்று சும்மாதான் கேட்டேன்.

"ட்ரம் வரைக்கும் ரெண்டாயிரத்து ஐநூத்து இருபத்தாறு, ஸாப்," என்றார் இந்தியில்.

"ரெண்டாயிரத்து ஐநூறு. எங்க ஓட்டப் பாதை அது. தப்பா அளந்திருக்கே."

அவர் சிரித்தார். "ஸாப், ஆதமி ஜூட் போல்தா ஹை. சக்கா நஹி போல்தா." மனிதன்தான் பொய் சொல்வான், சக்கரம் சொல்லாது என்று சொல்லிவிட்டுத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அது ஞாயிற்றுக்கிழமை. ஸ்டோரில் இருந்து முப்பது மீட்டர் டேப்பை எடுத்துக்கொண்டேன். நாயக்கைத் துணைக்குக் கூப்பிட்டேன், சாலை வேலைக்காக என்று சொன்னேன். முதல் தடவை இரண்டாயிரத்து ஐநூற்று இருபத்தாறு. இரண்டாவது தடவை இருபது சென்டிமீட்டர் குறைவு. வீட்டுக்கு வந்து ஜூன் மாத டைரியை எடுத்தேன். "ட்ரம் உறுதியான இடத்துக்கு மாற்றப்பட்டது. வேலை சரி." என் கையெழுத்து, அழகாக, கோட்டுக்குள்.

போக இருபத்தாறு, வர இருபத்தாறு. ஹவில்தாரின் வேகத்தில் ஐம்பத்திரண்டு மீட்டர் ஓட ஏறக்குறையப் பதினெட்டு விநாடி ஆகும். அவர் ஏழு விநாடி மிச்சம் வைத்துப் பாஸ் ஆகியிருந்தார். மற்றவர்கள் அதிகத் தூரம் ஓடியும் பாஸ் ஆனவர்கள், அவர்களுக்கு நஷ்டம் இல்லை. நஷ்டம் ஒரே ஒருவருக்கு.

அடுத்து நடந்ததைத்தான் சொல்ல வேண்டும், அதைச் சொல்லத்தான் சோர்வாக இருக்கிறது.

அடுத்த நாள் காலையிலேயே கமாண்டிங் ஆபீசரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. அந்த வாரம் என் வேலையை மதிப்பிடும் வருடாந்தர அறிக்கை அவர் கையெழுத்துக்காக மேஜையில் இருந்தது. சுபேதார் மேஜர் பதவி உயர்வுக்கு அந்த ஒரு அறிக்கைதான் பாக்கி. அதற்கு முந்திய எல்லாம் நன்றாக இருந்தன. கையெழுத்து ஆகிவிடட்டும், அப்புறம் சொல்லலாம், இரண்டு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். அவர் ஒரு கூட்டத்துக்காகக் கார் நிக்கோபார் தீவுக்குப் போனார். வானிலை சரியில்லாமல் திரும்பி வர நாளாயிற்று. நான் காத்திருந்தேன். டெலிபோன் இருந்தது, துணைக் கமாண்டர் இருந்தார், எல்லாம் இருந்தது. அந்த நாட்களின் பக்கங்களில் எழுந்த நேரமும் மழையும் ஆஜரும் தண்ணீர் மட்டமும் மட்டும் இருக்கின்றன.

ஆறாவது நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் மனைவி சொன்னாள். "அந்தப் பொண்ணு இன்னைக்கு டிசி வாங்கிருச்சாம்."

"யாரு?"

"யாரு, உங்க ஹவில்தார் பொண்ணுதான். வேலூர்ல அவ மாமா ஒரு பள்ளிக்கூடத்துல சொல்லி வச்சிருக்காராம். இந்த லீவு முடிஞ்சு தெறக்கும்போது சேந்தாத்தான் எடம், அதுக்கப்புறம் பரீட்சை போர்டுக்குப் பேரு போயிருமாம். கூடப் படிக்கிற பிள்ளைகளெல்லாம் வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. அவங்கம்மா டீ போட்டுக் குடுத்தே ஓஞ்சுபோச்சாம்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். "ரசம் ஊத்தவா?" என்றாள். சரி என்றேன்.

அன்றாவது போயிருக்கலாம். இனிமேல் சொல்லி என்ன, டிசி வாங்கியாயிற்றே என்று ஒரு புதிய நியாயம் கிடைத்துவிட்டது. முன்பு இரண்டு நாள் பொறுக்கலாம் என்று சொன்ன அதே மனம்தான் இப்போது நேரம் கடந்துவிட்டது என்றும் சொன்னது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள் இருந்திருக்க வேண்டும். அதை நான் பார்க்கவே இல்லை.

எட்டாவது நாள் கமாண்டிங் ஆபீசர் வந்தார். வந்த அன்றே தேங்கிக் கிடந்த காகிதங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். என் அறிக்கையிலும் போட்டார். எழுத்தர் என்னிடம் வந்து, "ஸாப், மிட்டாய் எங்கே?" என்றார். ஒன்பதாவது நாள் காலை, பரேடு முடிந்ததும், டேப் அளவை எழுதிய காகிதத்தையும் ஜூன் மாத டைரியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார். டைரியை வாங்கி அந்த வரியைப் படித்தார். தமிழ் தெரியாதவர். நான் இந்தியில் சொல்ல, விரலை அந்த வரியின் மேல் வைத்துக்கொண்டிருந்தார்.

"கப் ஸே பதா ஹை ஆப்கோ?" எப்போதிருந்து தெரியும் உங்களுக்கு?

பொய் சொல்ல முடிந்திருக்கும். நேற்று என்றால் நேற்று. நாயக் மட்டும்தான் சாட்சி, அவருக்கும் எதற்கு அளந்தோம் என்று தெரியாது. "நவ் தின், ஸாப்," என்றேன். ஒன்பது நாள்.

அவர் மேஜையின் இடது பக்கம் இருந்த தட்டைப் பார்த்தார். கையெழுத்தான காகிதங்கள் அனுப்புவதற்காக அங்கே இருந்தன.

"கல் ஹி தோ ஸைன் கியா மைனே," என்றார். நேற்றுத்தானே கையெழுத்துப் போட்டேன். கோபமாகச் சொல்லவில்லை. எங்கேயோ வைத்த சாவியை நினைவுபடுத்திக்கொள்கிறவர் மாதிரி சொன்னார். நான் விறைப்பாக நின்றேன். அந்த அறிக்கையை அவர் திரும்ப எடுக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. எடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும், அது தெரிந்துதான் எடுக்கவில்லையோ என்று பின்னால் தோன்றியதுண்டு.

அடுத்த ஒரு மணி நேரத்தில் அவர் செய்தது எல்லாம் சரியாக இருந்தது. மேலிடத்துக்குத் தானே பேசினார். பாதையின் பிழைக்குப் பொறுப்பு கமாண்டிங் ஆபீசருக்கு என்று தன் பெயரில் எழுதினார். என் பெயர் அதில் வரவில்லை. மூன்றாம் நாள் பதில் வந்தது. அந்தப் பருவத்தின் எல்லா ஓட்டமும் ரத்து. ட்ரம்மைச் சரியான இடத்தில் பதித்து, எல்லோரையும் மறுபடி ஓட வைக்க வேண்டும். ஹவில்தார் பாஸ் ஆனால் அவர் விஷயத்தைப் போர்டு திரும்பப் பார்க்கும். ஓட விருப்பம் இல்லாவிட்டால் எழுத்தில் தர வேண்டும்.

"நீங்களே போய்ச் சொல்லுங்கள்," என்றார் கமாண்டிங் ஆபீசர்.

ஹவில்தார் ஸ்டோரில் அரிசி மூட்டைகளை எண்ணிப் புதிய ஆளிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தார். அந்த ஆளை வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னேன். ட்ரம், மழை, டேப், ஐம்பத்திரண்டு மீட்டர். அவர் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"அப்போ நான் பாஸா சாப்?"

"பாஸ்தான். ஏழு விநாடி மிச்சம்."

"அடச்சே," என்று சிரித்தார். "நான் இன்னாடான்னா எனக்குக் காலு போச்சு, வயசாயிடுச்சுன்னு நெனச்சிகினு இருந்தேன். ட்ரம்மு நகந்து போச்சா." தொடையைத் தடவிக்கொண்டார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தோடு நான் எழுந்து வந்திருக்கலாம்.

"எனக்கு இது போன மாசக் கடைசியிலேயே தெரியும்," என்றேன். "ஒன்பது நாள் யார்கிட்டயும் சொல்லல."

சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. விரலை மடக்கி எண்ணினார். ஸ்டோர்காரர், எதையும் எண்ணித்தான் பார்ப்பார்.

"டிசி வாங்கறதுக்கு முன்னாடியா சாப்?"

"ஆமா."

"எவ்ளோ நாள் முன்னாடி?"

"ஆறு நாள்."

"ஏன் சாப்?"

அறிக்கையைப் பற்றிச் சொன்னேன். ஒன்றும் மறைக்கவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். ரொட்டி வண்டி வந்து வெளியே ஹாரன் அடித்தது. "அப்புறம் வா," என்று வாசல் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

"பாஸ் ஆயிட்டா போர்டு திரும்பப் பாக்கும்," என்றேன். "கமாண்டிங் ஆபீசர் எழுதி இருக்கார். நீட்டிப்பு கிடைச்சுரும்."

"பாஸ் ஆனா."

"ஆயிருவீங்க."

"ரெண்டு மாசமா நான் ஓடல சாப். காலையில எழுந்து பெட்டிக்கு ஆணி அடிச்சிகினு இருக்கேன்." எழுந்து மூட்டைகளின் பக்கம் போய் நின்றார். "மூணு வாரம் அழுதா எங்கூட்டுப் பொண்ணு. இப்பதான் நிறுத்தி இருக்கா. புது ஸ்கூல்ல யூனிஃபார்ம் இன்னா கலருன்னு மாமாகிட்ட போன்ல கேட்டுகினு இருக்கா. இப்போ போயி, இரும்மா, அப்பா இன்னொரு வாட்டி ஓடறேன், பாஸானா இங்க, ஃபெயிலானா அங்கன்னு எப்படிச் சொல்றது? அதுக்குள்ள அந்த எடமும் போயிடும். ரெண்டுங்கெட்டானா ஆயிடுமே சாப்."

"பள்ளியில நான் பேசறேன். ஒரு வாரம் பொறுக்கச் சொல்லி..."

"மொத நாளே சொல்லி இருந்தா ஓடி இருப்பேன்," என்றார். குரல் உயரவில்லை. "இப்போ ஆவாது. இன்னா எழுதணுமோ குடுங்க."

படிவம் ஒன்று இருக்கிறது. விருப்பம், விருப்பமின்மை என்று இரண்டே சொல். ஒன்றை அடிக்க வேண்டும். கீழே காரணம் எழுத ஒரு கோடு. அவர் ஸ்டோர் மேஜையில் வைத்து, ஸ்கேல் எடுத்து, விருப்பம் என்ற சொல்லை நேராக அடித்தார். காரணம் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இங்க இன்னா எழுதறது சாப்?"

 சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும். அதை எழுதச் சொல்லியிருந்தால் எழுதியிருப்பாரா என்று தெரியாது. அவரே "குடும்பக் காரணம்" என்று இந்தியில் எழுதிக் கையெழுத்திட்டார். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. அன்றைய பக்கத்தில் முதல் முறையாக அந்த நாளின் வேலையைத் தவிர வேறொன்றையும் எழுதினேன். படிவத்தில் இருக்கும் காரணம் உண்மை இல்லை என்று எழுதி, தேதி போட்டு, பக்கத்தை மூடினேன்.

சேர்ந்திருந்த லீவை ஓய்வுக்கு முன் எடுத்துக்கொண்டதால் அவருடைய கப்பல் அடுத்த வாரமே ஹேடோவில் இருந்து. யூனிட்டில் வழக்கம் ஒன்று உண்டு. ஓய்வு பெற்றுப் போகிறவரைக் கப்பல் வரை கொண்டுபோய் விடுவோம். வண்டி போகும், பெட்டிகளை ஏற்ற ஆள் போகும், என்னைப் போல சுபேதார் நிலையில் ஒரு ஜேசிஓ போவார். என் முறைதான். அதே காலையில் மறு ஓட்டமும் வைத்திருந்தது. வேறு யாரிடமாவது கடிகாரத்தைக் கொடுத்திருக்கலாம், நாயக்கே பார்த்துக்கொள்வார். முந்தின நாள் ஹவில்தாரிடம் போய் எது வசதி என்று கேட்டேன்.

"நீங்க ஓட்டத்தப் பாருங்க சாப்," என்றார். "பசங்களுக்குத் தூரம் சரியா இருக்கட்டும்."

குத்திச் சொன்னாரா, சாதாரணமாகத்தான் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. கை கொடுத்தார். அவர் மனைவி உள்ளே இருந்து, "சாப், டீ குடிச்சுட்டுப் போங்க," என்றார். பாத்திரமெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது, கடைசியாக வெளியே இருந்த இரண்டு டம்ளரில் கொண்டுவந்தார். மகள் கதவு ஓரம் நின்று வணக்கம் சொன்னாள். குடித்தேன். மூன்று பேரும் என்னிடம் ஒரு வித்தியாசமும் காட்டவில்லை. அவர் வீட்டில் சொல்லவில்லை என்று புரிந்தது.

மறுநாள் அறுபது பேரை மூன்று தொகுதியாக ஓட வைத்தேன். ட்ரம்மைச் சரியான இடத்தில் குழி தோண்டிப் பாதி புதைத்திருந்தோம். நானே மூன்று முறை அளந்திருந்தேன். மழை இல்லை, காற்றும் இல்லை. ஒவ்வொருவராக வந்தார்கள். நான் நேரம் சொன்னேன், நாயக் எழுதினார். அதுவரை வந்த எல்லோரும் பாஸ், நல்ல இடைவெளியோடு. யாரும் கத்தவில்லை.

கடைசித் தொகுதியில் பின்னால் வந்த ஒரு சமையல்காரர் கோட்டைத் தாண்டி, மூச்சு வாங்கிக்கொண்டே, "ஸாப், ஜஹாஸ் நிகல் கயா. ட்ரம் ஸே திக் ரஹா தா," என்றார். கப்பல் கிளம்பிவிட்டது, ட்ரம்மில் இருந்து தெரிந்தது.

"நேரம் எவ்வளவு, ஸாப்?" என்றார் நாயக் என்னிடம். நான் கடிகாரத்தை அழுத்த மறந்திருந்தேன். அது ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சமையல்காரரின் நேரத்தை எழுத முடியவில்லை. மறுநாள் அவரை மட்டும் தனியாக இன்னொரு முறை ஓடச் சொன்னேன்.